அடுப்பு மூலையில் ஓரகத்தி

வெலிச்கா தோட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பழைய பால் வாளியில் சுண்ணாம்பைக் கொட்டிக் கையால் அள்ளி அள்ளிப் புல் மேல் இழுத்தாள். இங்கே ரொட்டி அடுப்பு. பக்கத்தில் மிளகாய் சுடும் தகரத்துக்கு ஒரு கல்மேடை. அதற்கடுத்து ஜாடிகளை வேகவைக்கிற அண்டாவுக்குக் குழி. கழுவும் தொட்டி ஓரமாக, அதிலிருந்து தண்ணீர் வாட்டமாக ஓடித் தக்காளிப் பாத்திக்குப் போக வேண்டும். மேலே ஓட்டுக் கூரை, நாலு மரத்தூண், சுவர் கிடையாது. அவளுக்கென்று ஒரு வெளி அடுப்பங்கரை.

கணவன் மில்கோ பிளம் மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுப்பு வாயை ஏன் அந்தப் பக்கம் திருப்பற? அது நேதா அண்ணி வீட்டைப் பாக்குதே."

"பாக்கட்டும்னுதான் திருப்பறேன்."

"மாலைக் காத்து ஆத்துப் பக்கமிருந்து மேல ஏறும். புகையெல்லாம் நேரா அவங்க ஜன்னலுக்குத்தான் போகும்."

"தெரியும். மூணு நாள் ஈர வைக்கோல் கொளுத்திப் பாத்துட்டேன். பிசகாம போகுது."

மில்கோ வாயை மூடிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

நேதா வெலிச்காவின் ஓரகத்தி, மில்கோவின் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி, அதில் ஒரு திட்டிவாசல். சரிவான ஊர், நேதாவின் வீடு மேட்டில், வெலிச்காவின் வீடு பள்ளத்தில். மாமனார் கட்டிய பழைய வெளி அடுப்பங்கரை பாகப்பிரிவினையில் மேட்டு வீட்டோடு போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் தெருப் பெண்கள் அத்தனை பேரும் மூட்டை மூட்டையாகக் குடைமிளகாயைத் தூக்கிக்கொண்டு நேதாவிடம்தான் போவார்கள். சுடுவது, உரிப்பது, தக்காளியோடு அண்டாவில் போட்டுத் தொக்குக் கிளறுவது, ஜாடியில் அடைப்பது எல்லாம் அங்கேதான். நேதா அடுப்படிக் கல்மேடை மேல் ஏறி நின்றுகொண்டு, மரத்துடுப்பைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு, யார் என்ன செய்வதென்று சொல்லுவாள். வெலிச்காவுக்கு எந்நாளும் வெங்காயம்தான். கல்யாணமாகி வந்த வருஷம் கொடுத்த வெங்காயம், முப்பது வருஷமாக மாறவில்லை. அதுவும் ஒரு தாழ்ந்த மேஜையில், முதுகை இரண்டாக மடித்துக்கொண்டு. தன் முதுகை ஒடிக்கவே அந்த மேஜைக் காலை அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறாள் என்பது வெலிச்காவின் கட்சி.

போன செப்டம்பரில் நேதா ஜாடி எடுக்க உள்ளே போன சமயம் தொக்கு அடிப்பிடிக்கப் பார்த்தது. வெலிச்கா ஓடிப்போய்த் துடுப்பைப் பிடித்துக் கிளறினாள். திரும்பி வந்த நேதா, தெருப் பெண்கள் எல்லோரும் பார்க்க, அந்தத் துடுப்பை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"உன் கை பட்டதும் தீயிற வாசனை வந்துடுச்சு பாரு. போ, போய் வெங்காயத்த உரி."

ஒருத்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வெலிச்கா போய் வெங்காயம் உரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் வசதியாக இருந்தது. அன்று முடிவு செய்ததுதான். அடுத்த செப்டம்பரில் இந்தத் தெரு என் அடுப்படிக்கு வரும், துடுப்பு என் கையில் இருக்கும், நேதாவுக்கு வெங்காயம். அதற்குத்தான் இந்தச் சுண்ணாம்புக் கோடு.

வேலிக்கு அந்தப் பக்கம் நேதாவின் குரல் கேட்டது. மேட்டில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பன்னிக்குக் கொட்டகை போடறியா?"

"ஆமாக்கா. நீங்க எப்ப குடி வர்றீங்க?"

"அடுப்பாமே! உனக்கு எதுக்குடி அடுப்பு? தண்ணியக் கூட தீய விடுறவ நீ."

"புகை வரும்போது தெரியும், யாரு என்ன தீய விடுறாங்கன்னு."

கல் கட்ட மேஸ்திரி குன்சோ வந்தார். கொத்தனார்களுக்குப் பேர்போன த்ரியாவ்னா பக்கத்து ஆள். ஒரு கல் வைத்தால் ஒரு கதை சொல்லுவார், ஒரு கதை சொன்னால் ஒரு மடக்குப் பிளம் சாராயம் கேட்பார். ஆனால் அவர் போட்ட கூரையில் ஒழுகல் கிடையாது என்று ஊரே சொல்லும். வந்ததும் கோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அடுப்பு எங்க வேணா இருக்கட்டும்மா. அதுக்கு முன்னாடி நிக்கிறவ மண்டையில வெயில் விழக்கூடாது. செப்டம்பர்ல நாள் முழுக்க நிக்கப் போறீங்க. முதல்ல நிழலைப் பாப்போம்."

கூரை விளிம்பு வரப்போகிற உயரத்துக்கு ஒரு கழியை நட்டார். காலை பத்து மணி வெயில். கழியின் நிழல் புல்லில் நீளமாக விழுந்தது. குன்சோ பையிலிருந்து நூல் கண்டை எடுத்து, நிழலின் அடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து நேதா திட்டிவாசலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் வைக்கோல் புகை அவள் படுக்கையறைக்குள் போயிருந்தது.

"ஏண்டி, என்னை மூச்சு முட்டிச் சாகடிக்கப் பாக்கிறியா? இருமி இருமி என் நெஞ்சே..."

பாதியில் நின்றாள். கழிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். அவள் நிழலும் கழியின் நிழலும் ஒட்டினாற்போல் கிடந்தன. அதன் மேல் குன்சோவின் நூல்.

அந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய மேஸ்திரிகள் பாலம் கட்டினாலும் வீடு கட்டினாலும், வழியில் போகிற யாருடைய நிழலையாவது நூலால் அளந்து, அந்த நூலை அஸ்திவாரத்தில் வைத்து மூடிவிடுவார்கள். கட்டடம் அசையாமல் நிற்கும். நிழலுக்குச் சொந்தக்காரர் நாற்பது நாளில் போய்விடுவார். போனபிறகும் போக்கிடம் கிடையாது, அந்தக் கல்லுக்குள்ளேயே குடியிருந்து காவல் காக்க வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளை வேலை நடக்கிற இடத்துக்குப் போகாதே என்று மிரட்ட இதைத்தான் சொல்லுவார்கள். பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி நடப்பார்கள்.

"எதை அளக்கிறீங்க?" என்று நேதா கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

குன்சோ வாயைத் திறந்தார். வெலிச்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷத்து வெங்காயம் அத்தனையும் அந்த நேரம் அவள் தொண்டைக்கு வந்தது.

"உன்னைத்தான் அளந்தோம். வேற யாரை?" என்றாள். 'அக்கா' போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. "அடுப்பு நல்லா நிக்கணுமில்ல? இந்த மூலைக் கல்லுக்கு அடியில போகுது. மேஸ்திரி, நூலைச் சுருட்டுங்க."

குன்சோ அசட்டுச் சிரிப்போடு நூலைச் சுருட்டினார். நேதா முகத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகிவிட்டது. நிழலை வாரி எடுத்துக்கொள்கிறவள் மாதிரி பாவாடையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

"எதுக்கும்மா இந்த விளையாட்டு?" என்றார் குன்சோ.

"அவ வாயை அடைக்க முப்பது வருஷமா மருந்து தேடினேன். இன்னிக்குத்தான் கிடைச்சுது. நீங்க சும்மா இருங்க."

அதன்பிறகு வேலை நடந்த நாட்களைப் போல ஒரு நிம்மதியை வெலிச்கா கண்டதில்லை. வேலிப்பக்கம் ஒரு சத்தம் கிடையாது. அடுப்புத் தளத்துக்கு அடியில் சூடு நிற்க உடைந்த கண்ணாடியும் கல் உப்பும் கொட்டினார்கள். மேலே களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து பூசினார்கள். வேலை மேடையை எவ்வளவு உயரம் வைக்கட்டும் என்று குன்சோ கேட்டபோது, வெலிச்கா நிமிர்ந்து நின்று இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க. நான் குனியவே கூடாது. ஒரு விரல் கூட."

நேதா வெயிலில் வெளியே வருவதை நிறுத்தினாள். மூடாப்புப் போட்ட நாளில் மட்டும் கடைக்குப் போனாள், அப்போதும் கறுப்புக் குடையோடு. பிறகு அதுவும் நின்றது. படுத்துவிட்டாள் என்றார்கள். சூப்புக்கூட இறங்கவில்லை என்றார்கள். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்து, இதெல்லாம் மூடநம்பிக்கை, கிறிஸ்தவர்கள் நம்பலாமா என்று கடிந்துகொண்டார். போகும்போது வெலிச்காவின் வாசலில் நின்று, எதற்கும் அந்த நூலை எடுத்துவிடு என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணிக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றான் மில்கோ.

"ஒண்ணும் ஆகாது. அவ எமனுக்கே வெங்காயம் உரிக்கச் சொல்லிக் கொடுப்பா."

செப்டம்பர் வந்தது. வெலிச்கா புதுத் துடுப்பு ஒன்றைச் சீவி எண்ணெய் தடவி வைத்தாள். தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், சனிக்கிழமை என் அடுப்படியில். வர்றோம் என்று சொன்னவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அதை அவள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் தகரத்தைச் சூடாக்கினாள். மில்கோ மிளகாய் மூட்டைகளை அடுக்கினான். பெஞ்சுகள் போட்டாயிற்று, காபி போட்டாயிற்று, பூசணிக்காய்ச் சுருள் ரொட்டி வெட்டி வைத்தாயிற்று. மிளகாய் தோல் கறுத்து வெடித்து, வாசனை தெருமுனைவரை போனது. ஒருத்தியும் வரவில்லை. காபி ஆறியது. மேடை அவள் இடுப்புக்கு அளவெடுத்தாற்போல் அழகாக நின்றது, அதில் வேலை செய்ய ஆளில்லை. சுட்ட மிளகாய் மலையாகக் குவிய, வெலிச்கா ஒற்றையாக நின்று உரித்துக்கொண்டிருந்தாள். அழுகையாக வந்தது, இந்தத் தடவை வெங்காயத்தைக்கூட இன்னும் தொடவில்லை.

மத்தியானம் கின்கா கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். எதிர்வீட்டுக்காரி. போன வருஷம் முதலில் சிரித்தவள் அவள்தான்.

"உள்ள வாடி, கின்கா."

"இல்லடி. இங்கயே நிக்கிறேன்."

"ஏன், என் அடுப்பு கடிக்குமா?"

"கோவிச்சுக்காத. ஒரு மனுஷியை உள்ள வெச்சுக் கட்டின அடுப்பு. அதுல வெந்ததை யாரு பிள்ளை குட்டிக்குக் கொடுப்பாங்க?" கின்கா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு யோசிச்சியா? நாளைக்கு நேதா கண்ணை மூடினா, எங்க போவா? இங்கதான் வருவா. இந்த அடுப்புக்குள்ளதான் இருப்பா. நீ இருக்கிற வரைக்கும், உனக்கப்புறமும்."

கின்கா போய்விட்டாள். வெலிச்கா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதன் கறுத்த வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ரொட்டிக்கும், உள்ளேயிருந்து ஒரு குரல், தீயுதுடி, தீயுது, போய் வெங்காயத்த உரி. மேட்டு வீட்டில் இருக்கும்வரை வேலி ஒன்றாவது நடுவில் இருந்தது. கருணை வந்ததா என்றால், இல்லை. நேதா செத்துப்போவாளே என்ற பயத்தைவிட, செத்து இங்கே வந்துவிடுவாளே என்ற பயம்தான் அவளைப் பிடித்து உலுக்கியது. நூலே வைக்கவில்லையே, எப்படி வருவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படியும் அன்று அடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை.

மறுநாளே மேட்டு வீட்டுக்குப் போனாள். நேதா திரை போட்ட அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"நான் சும்மா சொன்னேன். நூலெல்லாம் ஒண்ணும் வைக்கல."

"பயந்துட்டியா?" சுவரிலிருந்து பதில் வந்தது.

"கழி நிழலைத்தான் அளந்தோம். மேஸ்திரியக் கேளு."

"உன் சாராயத்தைக் குடிச்சவன் உன் பாட்டைத்தான் பாடுவான். மூலைக் கல்லைப் பேத்து, என் நூலை எடுத்து, என் கையில குடு. இல்லேன்னா போ. நான் எப்படியும் உன் அடுப்புக்குத்தான் வரப்போறேன். அங்க பேசிக்கலாம்."

குன்சோவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"இல்லாத நூலை எப்படிம்மா எடுக்கிறது? கல்லைப் பேத்து வெறுங்குழியைக் காட்டினா, மக்கிப்போச்சு, மண்ணாயிடுச்சுன்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரே வழி. நாமளே ஒரு நூலை வெச்சுட்டு, நாமளே எடுப்போம்."

"எவ்வளவு நீளம்?"

"அன்னிக்குப் பத்து மணி. இன்னிக்கும் அதே பத்து மணி நிழல் அளவுக்கு ஒண்ணு. நாளைக்கு அதே நேரத்துல எடுப்போம். ஆனா அந்தம்மா வெயிலுக்கு வராதே."

"என் நிழலை அளங்க," என்றாள் வெலிச்கா. "அவ என்னைவிட ஒரு விரக்கடை உசரம் இருப்பா. பரவாயில்ல. யாரு போயி வெச்சுப் பாக்கப் போறா?"

வெயிலில் நிமிர்ந்து நின்றாள். குன்சோ குதிகாலில் நூலை வைத்துத் தலை நிழல்வரை இழுத்து அறுத்தார். அப்போது அவள் முதுகு லேசாகக் கூசியது. அதை அவள் மில்கோவிடம் சொல்லவில்லை. குன்சோ மூலைக் கல்லைப் பின்பக்கமாக நெம்பி, நூலை உள்ளே தள்ளி, ஈரக் களிமண்ணால் மூடினார்.

மறுநாள் தெருவே வேலியோரம் கூடிவிட்டது. சனிக்கிழமை வராத அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நேதா கனத்த கோட்டும் கறுப்புக் குடையுமாக, கின்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு திட்டிவாசலைத் தாண்டி இறங்கி வந்தாள். குன்சோ சுத்தியலை ஓங்கினார். புது அடுப்பின் மூலை பிளந்து விழுந்தது. களிமண் வெடிப்பு மேலே ஏறி அடுப்பு வளைவுவரை ஓடியது. கோடை முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கட்டியது. குன்சோ குழியில் கைவிட்டு நூலை உருவினார்.

"அம்மா மேரி!" என்றார்கள் பெண்கள். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

நேதா நூலை வாங்கினாள். குடையைக் கின்காவிடம் கொடுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வெயிலில் வந்து நின்றாள்.

"வெச்சுப் பாருங்க மேஸ்திரி. எனக்கு என்னுதுதான் வேணும்."

குன்சோ வெலிச்காவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குனிந்து நூலை நேதாவின் நிழல் மேல் வைத்தார். நூல் தலையைத் தாண்டிப் போனது. கொஞ்ச நஞ்சமில்லை, ஒரு சாண்.

வெலிச்காவுக்கு நம்பவே முடியவில்லை. முப்பது வருஷமாக அவள் நேதாவை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாள், ஒன்று மேட்டிலிருந்து, இல்லையென்றால் அடுப்படிக் கல் மேலிருந்து. சமதரையில் பக்கத்தில் நிற்கிறவள் தன் தோளுக்குத்தான் வருகிறாள் என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தத் தாழ்ந்த மேஜைக் காலை யாரும் அறுக்கவில்லை. நேதாவின் உயரத்துக்குச் செய்த மேஜை அது.

"இது என்னுது இல்ல," என்றாள் நேதா. கண் மெல்ல வெலிச்காவின் பக்கம் திரும்பியது. கல் தரையில் இரண்டு நிழலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நேதாவே குனிந்து, நூலின் ஒரு முனையை வெலிச்காவின் குதிகாலில் வைத்து, மறு முனையை இழுத்துப் போனாள். தலை நிழலின் விளிம்பில் நூல் சரியாக முடிந்தது.

நேதா சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவள் கன்னத்தில் ரத்தம் ஏறியது.

"அடி மூதேவி! உன் அடுப்புல உன்னையேவா வெச்சுப் புதைச்சுக்கிட்ட?"

"அது சும்மா... நேத்துத்தான் வெச்சோம், மேஸ்திரி, சொல்லுங்களேன்!"

குன்சோ சுத்தியலைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். பெண்கள் வேலியிலிருந்து ஒரு அடி பின்னால் போனார்கள். மில்கோகூட ஒரு அடி போனான். வைத்தது நேற்று, எடுத்தது இன்று, ஒன்றுமில்லை, எல்லாம் வெறும் பேச்சு என்று நூறு தடவை சொன்னவள் வெலிச்கா. ஆனால் நூல் இப்போது நேதாவின் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரெங்கும் அஸ்திவாரங்கள், எதில் வேண்டுமானாலும் அதை வைத்து மூடிவிடலாம். மேட்டு வீட்டில் பழைய அடுப்பு, அதைச் சுற்றிப் பெயர்ந்த கற்கள்.

"அதைக் குடுங்கக்கா," என்றாள். 'அக்கா' திரும்ப வந்துவிட்டது, 'நீங்க'வும் வந்துவிட்டது.

"எதுக்கு? உனக்குத்தான் இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லையே."

நேதா நூலைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள். உடைந்து கிடந்த மூலையை ஒரு தடவை பார்த்தாள். மில்கோ அடுக்கி வைத்திருந்த மிளகாய் மூட்டைகளைப் பார்த்தாள்.

"மிளகாய் வாடுது. எல்லாரும் கிளம்பி நம்ம அடுப்படிக்கு வாங்க. மில்கோ, மூட்டையத் தூக்குடா. பசிக்குது எனக்கு." திட்டிவாசலில் ஏறிவிட்டுத் திரும்பினாள். மேட்டில் நின்றதும் பழையபடி உயரமாகிவிட்டாள். "நீயும் வாடி. வெங்காயம் யாரு உரிப்பா?"

வெலிச்கா போனாள். தாழ்ந்த மேஜையில் முதுகை மடித்துக்கொண்டு, சாயங்காலம்வரை வெங்காயம் உரித்தாள். நேதா கல் மேல் நின்று அண்டாவைக் கிளறினாள். அடுப்புச் சூட்டில் வியர்த்துக் கொட்டியும் கோட்டைக் கழற்றவில்லை. வெலிச்காவும் அந்தப் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.